வாத்தியாருக்கு வராத சொல்

“சிஸ்டர், உங்க செபத்துல ஒரு சொல் எனக்கு வாயில வரமாட்டேங்குது.”

“எந்தச் சொல்லு, சார்?”

“எங்கள்.”

சிஸ்டர் பிரகாசி கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

“‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ன்னு எல்லாரும் சேர்ந்து ஆரம்பிக்கிறீங்க. அந்த நேரத்துல என் முகத்துக்கு நேரா கதவைச் சாத்தின மாதிரி இருக்கு. நான் வெளியில நிக்கிறேன்.”

“சரி” என்றார் சிஸ்டர். “நாளைக்கு வாங்க.”

“பதில்?”

“நாளைக்கு வாங்க, சார்.”

இந்தப் பேச்சு நடந்தது தவக்காலத்தின் தொடக்கத்தில், எங்கள் கோயிலை ஒட்டிய சிஸ்டர் வேதபாடம் சொல்லித்தரும் ஞானோபதேச அறையில், விடிகாலைப் பூசை முடிந்த கையோடு. கேட்டவர் பெயர் ஐயாறப்பன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். காவிரிக்கரைக்காரர்.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். எங்களுக்கு மீன் வரும், உப்புக்காற்று வரும், ழகரம் மட்டும் வராது. மழை எங்களுக்கு மளை. வாழைப்பழம் வாளைப்பளம். அவரையே நாங்கள் ‘தமிள் வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிடும்போதெல்லாம் மனுஷன் முகம் பல்வலி வந்தவர் முகமாகிவிடும்.

அவர்மேல் எங்களுக்குக் கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது? கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போனால் சாக்பீஸால் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கல்லறைத் தோட்டத்தில் புதிதாக நட்ட கல்லில் பிழை கண்டுபிடித்து, அழுதுகொண்டிருந்த மகனிடமே போய்ச் சொன்னவர் அவர்.

ஆனால் ஞானஸ்நானம் வேண்டும் என்று தானாகப் போய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டதும் அவர்தான்.

ஏன் என்று சிஸ்டர் முதல் நாளே விசாரித்திருந்தார்.

“போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சும்மா தமிழ் கேக்கத்தான் உள்ள வந்தேன், சிஸ்டர். சிலுவையில தொங்குறவர் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’னு கேக்குறார். கடவுளே கேக்குறார். என் மனைவி போன அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நானும் அதைத்தான் கேட்டேன். அதைக் கேட்டப்புறம் என்னால எழுந்து வீட்டுக்குப் போக முடியல.”

சிஸ்டர் அலமாரியைத் திறந்தார். ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“தினம் வரணும். ஒரு நாள்கூட விடக்கூடாது.”

தினமும் வந்தார். புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பித்தார். பத்துக் கட்டளையை வரிசை மாற்றிக் கேட்டாலும் தடுமாற்றம் இல்லை. அருட்சாதனங்கள் எத்தனை என்றால் “ஏழு” என்பார். அந்த ழகரம் அறையைச் சுற்றிவந்து அடங்கக் கொஞ்சம் நேரமாகும்.

ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அதற்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிறுக்குள் சிஸ்டர் ‘தயார்’ என்று சாமியாரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஈஸ்டர்தான்.

இந்த நிலைமையில்தான் அவருக்கு ‘எங்கள்’ தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சிக்கியதற்கு முந்தின நாள் ஒரு காரியம் நடந்திருந்தது. அது எங்களுக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை. தொம்மை வாசகம் வாசிக்கிறார். படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற தொம்மை. அன்றைக்கு நோவாவின் பேழை. ‘மளை’ என்று வாசித்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மழை!”

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தொம்மை நிறுத்தினார். விரலை வைத்து வரியைத் தேடினார். மிச்சத்தை யாருக்கும் கேட்காத குரலில் வாசித்து முடித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் மைக் பக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில்தான் வாத்தியார் சிஸ்டரிடம் வந்து, நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை வெளியே நிறுத்துகிறீர்கள் என்று புகார் சொன்னது. நெஞ்சழுத்தம் என்றால் அதுதான்.

அடுத்த நாள் வந்தார்.

“சிஸ்டர், ஒரு வழி கண்டுபிடிச்சேன். ‘நம் தந்தையே’ன்னு சொல்லிக்கிறேன். அதுல எல்லாரும் அடங்கிடும்.”

“யார்கிட்ட சொல்லுவீங்க?”

“கடவுள்கிட்ட.”

“அவருக்கும் சேர்த்து ஒரு அப்பாவா?”

வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர் சறுக்கக் கூடாத இடம் அது.

அதற்கும் அடுத்த நாள்:

“‘என் தந்தையே’ன்னா யாருக்கும் வம்பில்லையே, சிஸ்டர்?”

சிஸ்டர் அறையிலிருந்த நீளமான பெஞ்சைக் காட்டினார். தேக்குப் பெஞ்சு, அந்தக் காலத்துக் கனம்.

“இதைக் கொஞ்சம் வெளியில போடுங்க, சார்.”

வாத்தியார் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். தரை கிறீச்சிட்டது.

“இழுக்காதீங்க. தூக்குங்க.”

“ஒத்த ஆள் எப்படி சிஸ்டர் தூக்குறது?”

சிஸ்டர் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டார். வாத்தியார் எப்படியோ முக்கி முனகி, இழுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“இப்ப பாடம்?”

“முடிஞ்சுது.”

பெஞ்சு அங்கேயே கிடந்தது. மீன் கூடை இறக்கி வைக்க எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

பாடம் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. விசுவாச அறிக்கையை வரி வரியாக எடுத்தார் சிஸ்டர். புனிதர்களின் உறவு என்ற இடத்துக்கு வந்தார்கள். வாத்தியார் விளக்கத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். வானத்தில் இருப்பவர்கள், மண்ணில் இருப்பவர்கள், இறந்து தூய்மை பெறுகிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று முடித்தார்.

“மண்ணுல இருக்கிறவங்க யாரெல்லாம்?”

“விசுவாசிகள்.”

“பேர் சொல்லுங்க.”

“பேரா?”

“பூசைக்கு உங்களுக்கு முன்னாடி பெஞ்சுல யார் உக்காருவாங்க?”

வாத்தியார் யோசித்தார்.

“ஒரு அம்மா. ‘கோளிக்கறி’ம்பாங்க.”

“அவங்க பேரு?”

தெரியவில்லை.

“அவங்க பக்கத்துல?”

“‘வளக்கு’ன்னு சொல்றவர். கோர்ட்டுல ஏதோ கேஸ் போல.”

“பேரு?”

தெரியவில்லை. எங்கள் எல்லாரையும் அந்த மனுஷன் பிழையை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்.

பாடம் முடிகிறபோதெல்லாம் சிஸ்டர் ஒன்றே ஒன்று கேட்பார்.

“சொல்லு வந்துச்சா, சார்?”

“வரல, சிஸ்டர்.”

“நாளைக்கு வாங்க.”

தவக்காலம் கரைந்துகொண்டே வந்தது. குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலை வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

“எல்லாம் படிச்சிட்டேன். எதைக் கேட்டாலும் சொல்றேன். ஒரு சொல்லுக்காக என்னை ஒரு வருஷம் தள்ளுவீங்களா? எனக்கு ஒரு வருஷம் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? அவளுக்கு இருந்துச்சா?”

அவர் கண் கலங்கியிருந்தது. எங்களில் வேப்பமரத்தடியிலிருந்து அதைப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு முதல் தடவையாக அவர்மேல் இரக்கம் வந்தது.

சிஸ்டர் கதவோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எனக்கு இலக்கணம் அவ்வளவா தெரியாது, சார். நீங்க சொல்லித் தாங்க. ‘நாம்’, ‘நாங்கள்’ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

இலக்கணம் என்றதும் அவருக்கு உயிர் வந்தது.

“‘நாம்’ங்கிறது கேக்குறவரையும் சேர்த்துக்கும். ‘நாங்கள்’ங்கிறது கேக்குறவரை விட்டுடும். நம்ம வீடுன்னா உங்களுக்கும் பங்கு உண்டு. எங்க வீடுன்னா கிடையாது. வேற பல மொழியில இந்த நுட்பமே இல்ல, சிஸ்டர்.”

“கேக்குறவரை மட்டும்தான் விடுமா?”

“மட்டும்தான்.”

“பக்கத்துல நிக்கிறவரை?”

“அவரை ஏன் விடணும்? பேசுறவர் சேர்த்துக்கிட்டா அவரும் உள்ளதான்.”

“செபத்துல பேசுறது யாரு?”

“சனங்க.”

“கேக்குறது?”

“கடவுள்.”

“அப்ப ‘எங்கள்’னு சொன்னா வெளியில நிக்க வேண்டியது அவர் ஒருத்தர்தான். இல்லையா?”

“ஆமா.”

“வேற யாரையும் அந்தச் சொல்லு வெளியில நிறுத்தாது?”

“நிறுத்தாது.”

சிஸ்டர் எழுந்து புத்தகத்தை அடுக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நாங்க சொல்லும்போது நீங்க வெளியில நிக்கிறதா சொன்னீங்களே. அப்ப இத்தனை நாளா யார் எடத்துல உக்காந்துக்கிட்டு எங்களைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க, சார்?”



வெளியே ஏலக்காரன் விலை கூவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட முதல் மணி அடித்தது. வாத்தியார் அசையவில்லை. இரண்டாம் மணியும் அடித்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வகுப்புக்கு ஒரு நிமிடம் தாமதிக்காத மனுஷன் அன்றைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் எழுந்தார்.

“சிஸ்டர், தொம்மை எங்க இருப்பார்?”

“இந்நேரம் ஐஸ்கிட்டதான்.”

தொம்மை சாக்குமேல் பாளத்தைக் கிடத்தி உடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

“என்ன வாத்தியாரே, ஐஸ்ல ஏதும் பிளை இருக்கா?”

சுற்றி நின்ற நாங்கள் சிரித்துவிட்டோம். அன்றைக்கு அவர் முகத்தில் பல்வலி வரவில்லை.

“இல்ல. என்கிட்டதான் இருக்கு.”

தொம்மை கை நின்றது.

“அன்னைக்கு கோயில்ல நான் செஞ்சது தப்பு, அண்ணே. பெரிய தப்பு.”

அண்ணே என்று அவர் எங்கள் ஊரில் யாரையும் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை.

தொம்மை உடைந்த ஐஸை உளியால் ஒதுக்கித் தள்ளினார்.

“எங்கய்யா காலத்துலேர்ந்து அந்த மைக்குல நாங்கதான் வாசிக்கோம். அன்னைக்கு எம்மவ மொத பெஞ்சுல இருந்தா. படியில எறங்கும்போது எனக்கு அவ மொகத்தப் பாக்க முடியல, வாத்தியாரே.”

“தெரியும்.”

“உமக்குத் தெரியாது. நீரு கடைசி பெஞ்சுல இருந்தீரு.”

“சரி, தெரியாது. இப்பத்தான் தெரியுது.” வாத்தியார் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி நனைந்தது. “ஞானஸ்நானத்துல நீங்க எனக்கு ஞானத்தகப்பனா நிக்கணும்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

“உமக்கும் எனக்கும் ரெண்டு வயசு வித்தியாசம் இருக்குமாவே? நான் தகப்பனா?” தொம்மைக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் மிச்சமிருந்தது. “ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?”

“கிடைச்சாலும் வேண்டாம்.”

“எனக்கு ‘ழ’ வராது. இனிமேலும் வராது. அத இப்பமே சொல்லிட்டேன்.”

“எனக்கு ‘எங்கள்’ வராது, அண்ணே.”

“அது என்ன கூத்து? பாலகன்கூடச் சொல்லுவானே அத.”

“எல்லாருக்கும் வருது. எனக்குத்தான் வரல.”

தொம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். நனைந்த வேட்டியைப் பார்த்தார். உளியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

“எந்திரியும். சளி பிடிக்கப் போவுது. நீரு எனக்கு அதச் சொல்லித் தாரும். நான் உமக்கு இதச் சொல்லித் தாரேன்.”

மறுநாள் காலை பூசை முடிந்து இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். சிஸ்டர் வாசலில் நின்றார்.

“உக்கார எடமில்ல. பெஞ்சு வெளியில கெடக்கு.”

தொம்மை ஒரு முனையைப் பிடித்தார். வாத்தியார் மறுமுனையைப் பிடித்தார். பெஞ்சு தரையில் படாமல் உள்ளே வந்தது.

சிஸ்டர் புத்தகத்தைத் திறந்தார். அன்றைக்குப் பாடம் விசுவாச அறிக்கை, முதலிலிருந்து. தொம்மை சின்ன வயதில் படித்து மறந்துபோனதையெல்லாம் திரும்பப் படித்தார். பல இடத்தில் அவர் வாத்தியாரைக் கேட்டார். சில இடத்தில் வாத்தியார் அவரைக் கேட்டார்.

பாடம் முடிந்தது.

“சொல்லு வந்துச்சா, சார்?”

வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

“வந்துக்கிட்டிருக்கு, சிஸ்டர்.”

அன்று மத்தியானமே சிஸ்டர் சாமியாரிடம் போய், “தயார், ஃபாதர்” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கடற்கரையில் நடந்த கூத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தொம்மை ஐஸ் உடைத்துக்கொண்டே ‘ழ, ழ’ என்றார். நாக்கை மடித்தார், விரித்தார், கடித்துக்கொண்டார். கரை ஏறிய படகுக்காரர்கள் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள். வாத்தியாரோ சாயங்காலமானால் வீடு வீடாகப் போனார். கோளிக்கறி அம்மாவின் பெயர் செங்கோலம்மாள் என்று கண்டுபிடித்தார். வழக்குக்காரர் பெயர் இன்னாசி, நிலத்தகராறு என்றும் தெரிந்துகொண்டார். கல்லறைக் கல் நட்ட மகன் வீட்டுக்குப் போனபோது மட்டும் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வரும்போது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

கடைசி பெஞ்சை அவர் விட்டுவிட்டார். இன்னாசி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

ஈஸ்டர் வந்தது. இருட்டியதும் கோயில் முற்றத்தில் புது நெருப்பு மூட்டினோம். பெரிய மெழுகுதிரி ஏற்றி உள்ளே வந்தோம். ஆளாளுக்குக் கையில் ஒரு சின்னத் திரி. முதல் வாசகத்துக்குப் பேர் கூப்பிட்டார்கள்.

தொம்மை எழுந்து போனார்.

உலகம் உண்டான கதை. ழகரம் வரும் இடம் நெருங்க நெருங்க நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் விரல் வரியின்மேல் நின்றது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“ஆழம்” என்று வாசித்தார்.

நாங்கள் கடலில் பிழைக்கிறவர்கள். பிறந்ததிலிருந்து ஆளம் என்றே சொல்லி வந்தவர்கள். அன்றைக்குத்தான் ஆழம் என்று எங்கள் ஆள் வாயிலிருந்து கேட்டோம். மொத பெஞ்சில் அவர் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கடுத்த இடங்களில் ரெண்டொன்று வழுக்கியது. யார் கவலைப்பட்டார்கள்? வாத்தியார் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

வானவர் கீதத்துக்கு எல்லா மணியும் ஒன்றாக அடித்தது. பாடுகளின் துக்கத்துக்காக வியாழக்கிழமையிலிருந்து வாய்மூடிக் கிடந்த மணிகள். சின்னப் பிள்ளைகள் கைமணியை ஆட்டி ஆட்டி ஓய்ந்தார்கள்.

பிறகு சாமியார் வாத்தியாரை முன்னே அழைத்தார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், வருகிறவர் விசுவாச அறிக்கையை எங்கள் பக்கம் பார்த்து, தனியாக, மைக்கில் சொல்ல வேண்டும். ஞானத்தகப்பன் வலது தோளில் கை வைத்துப் பின்னால் நிற்பார். விசுவாச அறிக்கை ‘நம்புகிறேன்’ என்று ஒருமையில் போகிறது. அதில் அவருக்குச் சிக்கல் ஏதும் இல்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

கணீரென்று தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் விழுந்தது. பாடுபட்டதைச் சொன்னார். சிலுவையைச் சொன்னார். அடக்கம் செய்ததைச் சொன்னபோது குரல் இறங்கியது.

நின்றார்.

ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொம்மை தோளை அழுத்திப் பிடித்தார்.

வாத்தியார் தலையை நிமிர்த்தினார். எங்களைப் பார்த்தார், பெஞ்சு பெஞ்சாக, செங்கோலம்மாளிலிருந்து கதவுவரைக்கும். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கிவர, கோயில் கூரை அதிரக் கத்தினார்.

“மூன்றாம் நாள் உயிர்த்தெளுந்தார்!”



தொம்மை அவர் காதருகே குனிந்தார். ரகசியமாகத்தான் சொன்னார். மைக் விடவில்லை.

“சார்... ழ.”

அவ்வளவுதான். கோயிலே வெடித்துச் சிரித்தது. இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் பிரகாசி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எங்கள் சாமியார் கொங்கு நாட்டுக்காரர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு ழகரம் நன்றாக வரும். அவரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மைக்கை வாங்கினார்.

“என்னங்க வாத்தியாரே, நீங்களுமா?”

வாத்தியார் அவர் பக்கம் திரும்பினார்.

“எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவோம், ஃபாதர்.”